கிளப்ல எல்லாரும் அசந்துட்டாங்க, ஃபங்ஷன்ல யாருமே அசையல: ஒரு மேஜிஷியனோட கடிதத்துக்கு பதில்

இந்த தடவை எடுத்துக்கிட்ட கடிதம் கொஞ்சம் நீளம். எழுதினவர் பேரு, இடம், வேலை எதுவும் வெளிய தெரிய வேண்டாம்னு கேட்டிருக்கார், அதனால அடையாளம் காட்டுற விஷயங்களை எடுத்துட்டு சுருக்கி சொல்றேன்.

வயசு 36. கல்யாணம் ஆயிடுச்சு. வாரம் பூரா ஆபீஸ், லீவு நாள்ல மேஜிக் ஷோ, இப்படியே 9 வருஷம் ஓடியிருக்கு. 4 வருஷம் முன்னாடி ஒரு மேஜிக் கிளப்ல சேர்ந்திருக்கார், மாசம் ஒரு தடவை கூடுவாங்க, ஆளாளுக்கு ஏதாவது பண்ணிக் காட்டுவாங்க. அங்க இருக்கிற ஒரு சீனியர் முதல் நாளே சொன்ன வார்த்தை இவர் மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு: "எங்களை ஏமாத்த முடியாதவன் மேஜிஷியனே இல்ல." அதுக்காகவே 14 மாசம் ஒரே ஒரு கார்டு ஐட்டத்தை உட்கார்ந்து செதுக்கியிருக்கார். கிளப்ல பண்ணிக் காட்டினப்போ கொஞ்ச நேரம் யாருமே பேசலையாம், அந்த சீனியர் "இன்னொரு தடவை காட்டு"ன்னு கேட்டு, ரெண்டாவது தடவையும் பிடிக்க முடியாம கையெடுத்து கும்பிட்டாராம். அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல தூங்கவே இல்லைன்னு எழுதியிருக்கார்.

மூணு வாரம் கழிச்சு ஒரு கம்பெனியோட ஃபேமிலி டே. சுமார் 200 பேர். அதே ஐட்டம், 11 நிமிஷம். முடிஞ்சதும் ஒரு அமைதி, அப்புறம் மரியாதைக்கு கைதட்டல். முன்வரிசைல ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட "முடிஞ்சிருச்சா?"ன்னு கேட்டது இவர் காதுல விழுந்திருக்கு. பின்னாடி யாரோ "மேல வந்த ஆளு செட்டப்புப்பா"ன்னு சொல்லியிருக்காங்க. திரும்பி வர்ற வழியில மனைவி, "பேசாம அந்தக் கயிறு ஐட்டத்தையே பண்ணிருக்கலாம்ல"ன்னு சொல்ல, இவர் ரெண்டு நாள் அவங்ககூட பேசல.

இப்போ கேள்விகள். சாதாரண ஜனங்களுக்கு நல்ல மேஜிக்கை ரசிக்கத் தெரியலையா? மேஜிஷியனையே ஏமாத்தின ஐட்டம் இவங்ககிட்ட ஏன் எடுபடல? இன்னும் கஷ்டமாக்கிட்டு ஒரு பெரிய போட்டிக்கு போகலாமா, இல்ல கிளப்பையே விட்டுரலாமா? கிளப்ல ஒருத்தர் மெத்தட், அதாவது ஐட்டத்தோட ரகசியத்தைக் கேட்கிறார், சொன்னா காப்பி அடிச்சிருவாரோ, எனக்கு ஏதாவது உரிமை இருக்கா? கூடவே, மூணு மாசமா தூக்கம் சரியில்ல, ஷோ ஒத்துக்கவே பயமா இருக்கு, வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கிட்டா எல்லாம் சரியாயிடுமோன்னும் கேட்டிருக்கார்.

தம்பி, வயசுல மூத்தவன்ங்கிறதால தம்பின்னே கூப்பிடறேன். நான் மேடைக் கலைஞர்களோட 16 வருஷமா பேசிட்டிருக்கிற மனநல ஆலோசகர், காலேஜ்ல இருந்து ஏழெட்டு வருஷம் நானும் கையில கார்டோட சுத்தினவன்தான், அதனால உங்க கடிதத்தை ரெண்டு கண்ணாலயும் படிச்சேன். 14 மாசம் ஒரு ஐட்டத்தோட வாழறது என்னன்னு எனக்குத் தெரியும். அது முடிஞ்சு 200 பேர் முன்னாடி வர்ற அந்த அமைதி எவ்வளவு நீளமா இருக்கும்னும் தெரியும். உங்களுக்கு வலிச்சது நியாயம்தான்.

ஆனா உங்க கடிதத்துல நடுவுல ஒரு வரி வருது, நீங்க அதை பெருசா நினைச்சு எழுதல, நான் அங்கேயே நின்னுட்டேன். "அன்னைக்கு ஹேண்டிலிங் (கார்டைக் கையாளுற விதம்) கிளப்ல பண்ணதை விட சுத்தமா வந்துச்சு, அதைப் பார்க்கத்தான் ஆள் இல்ல." 200 பேர் உட்கார்ந்திருக்காங்க, பார்க்க ஆள் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்போ நீங்க அந்த ஹால்ல இல்லாத ஒருத்தருக்குத்தான் பண்ணிட்டிருந்தீங்க. முன்வரிசை அம்மா "முடிஞ்சிருச்சா"ன்னு கேட்டது அவங்களுக்குப் புரியாததால இல்ல தம்பி. தனக்குன்னு எதுவும் நடக்கலைங்கிறது அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு.

நீங்க ஒரு ஏணி மாதிரி கற்பனை பண்ணி வச்சிருக்கீங்க. கீழ்ப்படில சாதாரண ஜனங்க, மேல்படில மேஜிஷியன்கள், மேல இருக்கிறவனையே சாய்ச்சுட்டா கீழ இருக்கிறவன் தானா சாஞ்சுருவான்னு. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க, ஆனா இது தப்பு. ரெண்டு பேரும் ஒரே பாதையில முன்னபின்ன நிக்கிறவங்க இல்ல, வேற வேற பாதையில நிக்கிறவங்க. மேஜிஷியன் ஏமாறுறது அவனுக்குத் தெரிஞ்சதாலதான். "இந்த இடத்துல இதைத்தான் பண்ணுவான்"னு எதிர்பார்க்கிறான், நீங்க அதைப் பண்ணாம வேற எங்கயோ வேலையை முடிச்சுடறீங்க, அவன் மாட்டிக்கிறான். எதுவுமே தெரியாத எட்டு வயசுக் குழந்தைகிட்ட அந்த எதிர்பார்ப்பு கிடையாது, அதனால அது நேரா நீங்க மறைக்கிற கையையே பார்க்கும். குழந்தைங்க முன்னாடி ஷோ பண்ண எந்த மேஜிஷியனைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க, உங்களுக்கும் அனுபவம் இருக்கும்.

கதவு யாருக்காக அடைக்கிறீங்க

உங்க ஐட்டத்தை நீங்களே விவரமா எழுதியிருக்கீங்க. மெத்தட் பக்கம் போகாம, வெளிய என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். ஒருத்தரை மேல கூப்பிடறீங்க. அவர் டெக்கை, அதாவது கார்டுக் கட்டைக் கலைக்கிறார். வெட்டுறார். திரும்ப கலைக்கிறார். நீங்க ஒரு நம்பர் கேட்கறீங்க, அவர் சொல்றார், அதை மாத்திக்கலாம்னு சொல்றீங்க, அவர் மாத்திக்கறார். டெக்கை மேஜையில வச்சுட்டு இன்னொரு டெக் எடுக்கறீங்க. அதையும் கலைக்கச் சொல்றீங்க. ஸ்லீவை மடிச்சு விடறீங்க. அப்புறம் எண்ணிப் பார்க்கறது.

இதுல ஒவ்வொரு ஸ்டெப்பும் எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும், கிளப்ல இருக்கிறவங்களுக்கும் தெரியும். ரெண்டாவது தடவை கலைக்கிறது "வரிசையா அடுக்கி வச்சிருக்கான்"ங்கிற சந்தேகத்தை அடைக்க. நம்பரை மாத்தலாம்னு சொல்றது "ஃபோர்ஸ் பண்றான்", அதாவது தனக்கு வேணுங்கிறதையே நம்மளை சொல்ல வைக்கிறான்ங்கிற சந்தேகத்தை அடைக்க. ரெண்டாவது டெக் இன்னொன்னை அடைக்க. ஒவ்வொண்ணும் ஒரு கதவு, நீங்க ஒவ்வொண்ணா சாத்திட்டே வரும்போது சீனியர் முகத்துல "அட இதுவும் போச்சா"ன்னு ஒரு தவிப்பு ஏறிட்டே போகும். அவருக்கு அது நிஜமாவே பெரிய நாடகம்.

ஃபேமிலி டேல உட்கார்ந்திருந்தவங்களுக்கு அந்தக் கதவுங்க இருக்கிறதே தெரியாது. இல்லாத கதவை நீங்க சாத்தறதைப் பார்த்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆள் திரும்பத் திரும்ப கார்டைக் கலைச்சுட்டு இருக்கார், அவ்வளவுதான் தெரியும். ஆறாவது நிமிஷத்துலயே, ஆரம்பத்துல எந்தக் கார்டை எதுக்கு எடுத்தாங்கன்னு மறந்துருக்கும்.

இன்னொரு பக்கம், அவங்ககிட்டயும் கதவு இருக்கு. சாதாரண ஆளுக்கு பெரும்பாலும் மூணே சந்தேகம்தான்: கை வேகம், கார்டுல ஏதோ இருக்கு, மேல வந்த ஆளு செட்டப்பு. இதுல மூணாவதைத்தான் நீங்க தொறந்து விட்டுட்டீங்க. மேல கூப்பிட்டது யாரைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, உங்களை அந்த ஃபங்ஷனுக்கு புக் பண்ண மேனேஜரை. ஷோவுக்கு முன்னாடி அவர் உங்ககூட நின்னு மைக், லைட்டுன்னு பேசிட்டிருந்ததை பாதி பேர் பார்த்திருப்பாங்க. கிளப்ல இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க பார்வை கார்டு மேல. ஃபங்ஷன்ல எல்லாரும் மனுஷங்களைத்தான் பார்க்கிறாங்க. 14 மாசமா மேஜிஷியனுக்கு அத்தனை கதவும் அடைச்சீங்க, ஜனங்களுக்கு வாசக்கதவே தொறந்து கிடந்துச்சு. முன்வரிசைல முகம் தெரியாத ஒருத்தரை கூப்பிட்டிருந்தா அந்த "செட்டப்பு"ங்கிற பேச்சு வந்தே இருக்காது, அதுக்கு ஒரு நாள் பிராக்டிஸ்கூட வேண்டாம்.

1990-ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை பண்ணாங்க. ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டை மனசுல பாடிக்கிட்டு மேஜையில தாளம் மட்டும் தட்டணும், எதிர்ல இருக்கிறவர் என்ன பாட்டுன்னு சொல்லணும். தட்டினவங்க, பாதிக்குப் பாதி கண்டுபிடிச்சுருவாங்கன்னு நினைச்சாங்க. 120 பாட்டுல கண்டுபிடிச்சது 3. தட்டுறவன் காதுக்குள்ள மொத்த பாட்டும் ஓடிட்டு இருக்கு, எதிர்ல இருக்கிறவருக்கு வெறும் டக் டக் சத்தம். உங்க 11 நிமிஷம் அதுதான். உங்க தலைக்குள்ளயும் சீனியர் தலைக்குள்ளயும் பாட்டு ஓடுச்சு. ஹால்ல தாளம் மட்டும்தான் கேட்டுச்சு.

ஹூடினியை ஏமாத்தினவர்

"மேஜிஷியனையே ஏமாத்தினவன்"ங்கிற பட்டத்துக்கு ஒரு மூலக்கதை இருக்கு, உங்க கிளப்லயும் கேட்டிருப்பீங்க. 1922, சிகாகோ. எந்த ஐட்டத்தையும் மூணு தடவை பார்த்தா கண்டுபிடிச்சுருவேன்னு சொல்லிட்டிருந்தவர் ஹூடினி, அன்னைக்கு உலகப் புகழ் பெற்ற மேஜிஷியன். டை வெர்னன்னு ஒரு இளைஞர் அவர்கிட்ட ஒரு கார்டுல இனிஷியல் போடச் சொன்னார், அதை மேல இருந்து ரெண்டாவதா வச்சார், அது முதல் கார்டா மேல வந்துச்சு. ஏழு தடவை காட்டியும் ஹூடினியால சொல்ல முடியல. வெர்னன் கடைசி வரைக்கும் "ஹூடினியை ஏமாத்தினவர்"தான்.

இந்தக் கதையை சொல்றவங்க அதுக்கு அப்புறம் என்னாச்சுன்னு பெருசா யோசிக்கிறதில்ல. வெர்னன் மேஜிஷியன்களுக்கு குரு, அவங்க அவரை புரொஃபசர்னே கூப்பிட்டாங்க, 1992-ல 98 வயசுல போனார், இன்னைக்கு கார்டு பிடிக்கிற எல்லார் கையிலயும் அவர் கொஞ்சம் இருக்கார். ஆனா வாழ்க்கையில நிறைய வருஷம் அவர் சம்பாதிச்சது கறுப்பு பேப்பர்ல ஜனங்களோட முகத்தை நிழலுருவமா வெட்டிக் கொடுத்து. ஏமாந்த ஹூடினி பேரு மேஜிக் பார்க்கவே பார்க்காத வீட்டுல கூட தெரியும். நான் வெர்னனைக் குறைச்சு சொல்லல, எனக்கு அவர் மேல இருக்கிற மரியாதைக்கு அளவே இல்ல. அந்த ஒரு ராத்திரியில நடந்தது ரெண்டு மேஜிஷியனுக்கு நடுவுல நடந்த விஷயம், சாதாரண ஜனங்களுக்காக நடந்தது இல்லைங்கிறதைத்தான் சொல்றேன்.

எதிர்ப்பக்கம் ஒண்ணு பாருங்க. 1956 ஏப்ரல், பிபிசியோட பனோரமா நிகழ்ச்சி, நம்ம நாட்டு மேஜிஷியன் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை மேஜையில படுக்க வச்சு ரம்பத்தால ரெண்டா அறுத்தார். அப்புறம் எழுப்பினா அந்தப் பொண்ணு எழுந்திரிக்கல. அதோட நிகழ்ச்சி நேரம் முடிஞ்சு போச்சு. பார்த்துட்டிருந்தவங்க நிஜமாவே கொலை நடந்துருச்சுன்னு பதறி பிபிசிக்கு போன் மேல போன் போட்டாங்க. மனுஷரை ரெண்டா அறுக்கிற வித்தையை அதே லண்டன்ல 1921-லயே செல்பிட்ங்கிற மேஜிஷியன் மேடையேத்திட்டார், 35 வருஷம் பழசு, அன்னைக்கு இருந்த எந்த மேஜிஷியனுக்கும் அது புதுசு இல்ல. தொழில் தெரிஞ்சவங்க யாரும் ஏமாந்திருக்க மாட்டாங்க. ஜனங்க நெஞ்சு நின்னு போச்சு. அங்க வேலை செஞ்சது மெத்தட் இல்ல, "எழுந்திரிம்மா எழுந்திரி"ங்கிற அந்த தவிப்பும், சரியான நேரத்துல முடிஞ்சு போன நிகழ்ச்சியும்.

அதுக்காக மேஜிஷியனை ஏமாத்துற ஐட்டம் எல்லாம் ஜனங்ககிட்ட தோத்துரும்னு எடுத்துக்காதீங்க, அதுவும் தப்பு. பென், டெல்லர்னு ஒரு அமெரிக்க மேஜிஷியன் ஜோடி, அவங்க ரெண்டு பேரையும் ஏமாத்தினா பரிசுன்னு 2011-ல இங்கிலாந்துல ஒரு டிவி நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க இல்லையா, பின்னாடி அமெரிக்காவுக்கும் போச்சு. அதுல ஷின் லிம்னு ஒரு கார்டு மேஜிஷியன் ஏமாத்தினார், 2015-ல ஃபிஸ்ம்ங்கிற மேஜிஷியன்களோட உலகப் போட்டியிலயும் க்ளோஸ்அப் கார்டுல (கிட்ட இருந்து பார்க்கிற கார்டு வித்தை) ஜெயிச்சார், 2018-ல அமெரிக்காஸ் காட் டேலன்ட்ங்கிற டிவி போட்டியில ஜனங்க ஓட்டுப் போட்டே அவரை ஜெயிக்க வச்சாங்க. அதே ஏமாத்துற நிகழ்ச்சியோட முதல் வருஷத்துல டிராகன் டிரஸ் போட்டுட்டு சலிச்ச மூஞ்சியோட வந்தார் பிஃப்னு ஒரு மேஜிஷியன், அவர் ரெண்டு பேரையும் ஏமாத்தல, ஆனாலும் இன்னைக்கு லாஸ் வேகாஸ்ல அவருக்குன்னு நிலையான ஷோ நடக்குது. ஒருத்தர் ஏமாத்தினார், ஒருத்தர் ஏமாத்தல, ரெண்டு பேரையும் ஜனங்க தூக்கி வச்சாங்க. ஷின் லிம்மோட ஐட்டத்தை நிதானமா ஒரு தடவை பாருங்க. பியானோ படிச்சவர் அவர், பேச்சே இல்லாம இசையோட பண்றார், கார்டு மறையுறது, மாறுறது, புகையாப் போறது, எந்த நிமிஷத்துல பார்த்தாலும் என்ன நடந்துச்சுன்னு அஞ்சு வயசுப் புள்ளை சொல்லிரும். மெத்தட் கஷ்டமா இருக்கலாம், பார்க்கிறது கஷ்டமா இருக்கக் கூடாது.

அப்போ கிளப்ல ஏமாத்தினதுல லாபமே இல்லையா

இருக்கு, நிறையவே இருக்கு, 14 மாசம் வீணாப் போச்சுன்னு நினைக்காதீங்க.

கஸ்டாவ் குன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரும் மேஜிக் பண்றவர்தான், 2006-ல ஒரு சோதனை வெளியிட்டார். ஒரு பந்தை ரெண்டு தடவை மேல போட்டுப் பிடிச்சுட்டு மூணாவது தடவை போடற மாதிரி பாவனை மட்டும் பண்றது, பந்து கையிலயே இருக்கும். பாவனை பண்ணும்போது மேஜிஷியன் மேல நிமிர்ந்து பார்த்தா, பார்த்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு பந்து மேல போய் காத்துல மறைஞ்ச மாதிரி தெரிஞ்சுச்சு. அவர் கையையே பார்த்துட்டு இருந்தா அந்தக் கணக்கு மூணுல ஒரு பங்குக்கு இறங்கிருச்சு. கை ரெண்டு தடவையும் ஒரே வேலையைத்தான் செஞ்சுது. மாறினது முகம்.

இதை ஏன் சொல்றேன்னா, மாட்டிக்குவோமோன்னு பயந்துட்டு பண்றவனால முகத்தை மேல தூக்கவே முடியாது, கண்ணு தானா கைக்குப் போயிரும். தொழில் தெரிஞ்ச பத்து பேர் ஆறு அடி தூரத்துல உட்கார்ந்து பார்த்தும் பிடிக்கலைங்கிற தைரியம் இருக்கே, அது உங்க கண்ணை கையில இருந்து விடுதலை பண்ணும். இதுதான் கிளப் உங்களுக்குக் கொடுத்த பெரிய சொத்து. இதை ஃபங்ஷன்ல எடுத்து செலவு பண்ணிருக்கணும். நீங்க சுத்தமான ஹேண்டிலிங்கை யாராவது பார்க்கணும்னு கையையே பார்த்துட்டு நின்னீங்கன்னு உங்க மனைவி எடுத்த வீடியோவைப் பத்தி நீங்களே எழுதியிருக்கீங்க. "கையைப் பாருங்க கையைப் பாருங்க"ன்னு முகம் சொல்லிட்டே இருந்தா ஜனங்க வேற எதை ரசிப்பாங்க?

இன்னொரு லாபம், சோம்பேறித்தனம் போகும். சாதாரண ஷோவே பண்ணிட்டிருந்தா "இதெல்லாம் இவங்களுக்கு எங்க தெரியப் போகுது"ன்னு ஆங்கிள், நேரம் எல்லாத்துலயும் அசட்டை வந்துரும், கிளப் அதை விடாது. இப்போல்லாம் வீடியோ பார்த்து நாலு மூவ் கத்துக்கிட்ட பசங்க எந்த ஃபங்ஷன்லயும் ரெண்டு பேர் இருக்காங்க, அவங்க முன்னாடியும் தைரியமா நிக்கலாம்.

மூணாவதா ஒண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த சீனியர் ஏன் கையெடுத்து கும்பிட்டார்னு யோசிச்சீங்களா? எத்தனையோ வருஷமா எல்லாத்துக்கும் விடை தெரிஞ்ச மனுஷர், ஒரு நிமிஷம் அவரை நீங்க எதுவும் தெரியாத சின்னப் பையனா ஆக்கிட்டீங்க. அந்த ஒரு நிமிஷத்துலதான் ஃபங்ஷனுக்கு வர்ற எல்லாரும் உட்கார ஆசைப்படறாங்க. அவருக்கு அதைக் கொடுக்க அவர் பாஷையில பேசினீங்க. இவங்களுக்கு இவங்க பாஷையில பேசணும்.

இனி என்ன பண்ணலாம்

இதே ஐட்டத்தை தூக்கிப் போட வேண்டாம், ரெண்டா பிரிங்க. கிளப்புக்கு அந்த 11 நிமிஷம் அப்படியே இருக்கட்டும், அது உங்க பெருமை. ஜனங்களுக்கு அதையே 4 நிமிஷமா வெட்டுங்க. வெட்டுறதுக்கு ஒரு கேள்வி போதும்: இந்த ஸ்டெப்பை எடுத்துட்டா, மேஜிக் தெரியாத ஒருத்தருக்கு ஏதாவது குறையுமா? குறையாதுன்னா எடுத்துருங்க. மனசு வலிக்கும், ஏன்னா ரெண்டாவது டெக் போயிரும், அதுதான் உங்க மாஸ்டர்பீஸ்னு எனக்குத் தெரியும். போகட்டும்.

அப்புறம் ஒரு வேலை. ஷோ முடிஞ்ச மறுநாள், உங்க மனைவியோ ஒரு நண்பரோ, அங்க வந்திருந்த ரெண்டு மூணு பேர்கிட்ட "நேத்து என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்கட்டும். நீங்க கேட்க வேண்டாம், நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு நல்லாத்தான் சொல்வாங்க. "எப்படி இருந்துச்சு"ன்னும் கேட்க வேண்டாம், என்ன பார்த்தீங்கன்னு மட்டும். ஒரே வாக்கியத்துல சொல்லிட்டா ஐட்டம் போய் சேர்ந்திருக்கு. நடந்ததை விட கூட்டிச் சொன்னா, "அவர் கார்டைத் தொடவே இல்ல தெரியுமா"ன்னு நீங்க தொட்டதையே மறந்து சொன்னா, அதுதான் வெற்றி. அந்தக் கயிறு ஐட்டத்துக்கு இதே கேள்வியை நீங்க கேட்காமலே பதில் வந்திருக்கு பாருங்க, மூணு வருஷம் கழிச்சும் ஒரு பொண்ணு "வெட்டின கயிறை என் கையிலயே ஒட்ட வச்சீங்களே அங்கிள்"னு வந்து சொன்னதா எழுதியிருக்கீங்க. அவ கையில நடந்துச்சு, அவளுக்கு நடந்துச்சு. அதைப் போய் சின்னப் புள்ளைங்க வித்தைன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டீங்க.

கிளப்பை விட வேண்டாம். ஆனா அங்க நீங்க கேட்கிற கேள்வியை மாத்துங்க. "பிடிச்சீங்களா"ன்னு கேட்டா அவங்க போலீஸ் மாதிரிதான் பார்ப்பாங்க, வேற எப்படிப் பார்ப்பாங்க. "எந்த இடத்துல சலிப்பு தட்டுச்சு, எப்போ என் முகத்தைப் பார்க்கணும்னு தோணுச்சு, எங்க கைதட்டத் தோணுச்சு"ன்னு கேளுங்க. அந்த சீனியர்கிட்டயே கேளுங்க. அவரும் ஒரு காலத்துல யாரோ ஒருத்தரோட வித்தையைப் பார்த்து வாயைப் பொளந்துதான் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பார், கேட்டா சொல்வார்.

போட்டிக்கு தாராளமா போங்க, ஆசை இருந்தா. ஃபிஸ்ம் மாதிரி மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற பெரிய போட்டியில கூட ஏமாத்தினதுக்கு மட்டும் மார்க் இல்ல, டெக்னிக் பார்க்கிறாங்க, பிரசன்டேஷன் பார்க்கிறாங்க, ரசிக்க வைக்குதா, புதுசா இருக்கான்னும் பார்க்கிறாங்க. இன்னும் கஷ்டமாக்கிட்டுப் போறது அங்கயும் உதவாது. போட்டிக்கு பண்றதை போட்டிக்குன்னு வச்சுக்கோங்க, அதே ஐட்டத்தை அடுத்த வாரம் கல்யாண ஹால்ல இறக்காதீங்க.

மெத்தட் பத்தி கேட்டீங்க. நான் வக்கீல் இல்ல, பெருசா ஏதாவது பண்றதா இருந்தா ஒரு வக்கீலைப் பார்த்துருங்க. பொதுவா காப்புரிமை (காப்பிரைட்)ங்கிறது ஒரு யோசனைக்கோ ரகசியத்துக்கோ கிடைக்கிறது இல்ல, அதை நீங்க வெளிப்படுத்தின வடிவத்துக்குத்தான். இதுக்கு ஒரு நல்ல உதாரணம் டெல்லரோட நிழல் ஐட்டம். ஜாடியில ஒரு ரோஜா, பின்னாடி திரையில அதோட நிழல். டெல்லர் கத்தியால நிழலை வெட்டுறார், நிஜ ரோஜாவுல இருந்து இதழ் விழுது. இவ்வளவுதான் ஐட்டம், படிச்ச உடனே உங்க கண்ணு முன்னாடி வந்துருச்சு இல்ல? இதே மாதிரி ஒண்ணை இன்னொருத்தர் விக்க ஆரம்பிச்சப்போ டெல்லர் வழக்கு போட்டார், 2014-ல அமெரிக்காவுல கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. மேஜிக் ட்ரிக்குக்கு ட்ரிக்குங்கிற முறையில காப்புரிமை கிடையாது, ஆனா இது மேடையில நடிச்சுக் காட்டுற ஒரு ஊமை நாடகம், அதுக்கு உண்டுன்னு. பாருங்க, பாதுகாப்பு கிடைச்சது சீனியர் தேடுற விஷயத்துக்கு இல்ல, முன்வரிசை அம்மா பார்க்கிற விஷயத்துக்கு. மெத்தட் கேட்கிற நண்பர்கிட்ட இப்போ சொல்ல விருப்பம் இல்லைன்னு நேராவே சொல்லுங்க, அதுக்குக் காரணம் எதுவும் கொடுக்கத் தேவையில்ல.

வேலையை இப்போ விடாதீங்க. மனசு அடிபட்டு இருக்கிற நேரத்துல எடுக்கிற முடிவு அது, அதுவும் ஷோ ஒத்துக்கவே பயமா இருக்கிற நேரத்துல சாப்பாட்டையும் ஷோ மேலயே வச்சா பயம் ரெண்டு மடங்கு ஆகும். ஒரு வருஷம் கழிச்சு யோசிக்கலாம். மூணு மாசமா தூக்கம் இல்லைங்கிறதை மட்டும் தள்ளிப் போடாதீங்க, இந்த வாரமே ஒரு டாக்டரை நேர்ல பாருங்க, கூடவே ஒரு ஆலோசகர்கிட்ட ரெண்டு மூணு தடவை பேசுங்க. கடிதத்துல எழுதாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணுது. "எங்களை ஏமாத்த முடியாதவன் மேஜிஷியனே இல்ல"ங்கிற வார்த்தை அவ்வளவு ஆழமாப் போய் உட்கார்ந்ததுன்னா, அதுக்கு முன்னாடியே அந்த இடத்துல வேற யாரோ "நீ பத்தாது"ன்னு சொல்லி ஒரு பள்ளம் பண்ணி வச்சிருக்கலாம். அப்பாவா, வாத்தியாரா, எனக்குத் தெரியாது, நேர்ல ஒருத்தர்கிட்ட பேசினா தெரியும்.

மனைவிகிட்ட ரெண்டு நாள் பேசலைன்னு எழுதியிருக்கீங்க. 9 வருஷமா உங்க ஷோவை அதிகமாப் பார்த்த சாதாரண ரசிகர் அவங்கதான், இலவசமா கிடைச்ச நேர்மையான விமர்சனம் அது. அடுத்த ஷோவுக்கு முன்னாடி அந்த 4 நிமிஷ ஐட்டத்தை அவங்களை உட்கார வச்சு பண்ணிக் காட்டுங்க, கையைப் பார்க்காம அவங்க முகத்தைப் பார்த்து. கயிறையும் பையில எடுத்து வச்சுக்கோங்க.